பக்கத்தில் நிற்பவர் தெரிவதில்லை

பீலெஃபெல்ட்,
3 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி தேவிக்கு,

குணசேகரம் அண்ணை எழுதுகிறேன். உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் நீ இதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லையென்றால் தயவுசெய்து கடைசிவரை வாசி. மூன்று வருடமாக என் தொலைபேசி அழைப்பு உன்னிடம் வருவதில்லை. வேறு வழியில்லாமல்தான் பேனாவை எடுத்தேன்.

நம்மைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். ஒரு மனிதனின் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும். கண் பரிசோதிக்கத் தெரிந்தவள் என்று எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

என்னோடு சரக்குக் கிடங்கில் கோசி என்று ஒருவன் வேலை செய்கிறான். டோகோ நாட்டுக்காரன், வயது நாற்பத்தொன்று. சரக்குத் தட்டுகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாப்லர் வண்டி ஓட்டுகிறான். எங்கள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. நல்ல வேலைக்காரன், ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. ஆனால் மார்கழியிலிருந்து ஏதோ சரியில்லை. ஒரு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திருப்பமாட்டான், முழுத் தலையையும் திருப்புவான். இரண்டு முறை இடதுபக்கத் தூணில் இடித்தான். போன வியாழக்கிழமை போலந்துப் பெண் மார்த்தாவின் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி வண்டியின் இரும்பு முள் போனது. அவள் கத்தினாள். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, "ஆர் கத்தினது?" என்று கேட்டான். அவள் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு சொன்னான்: "குணா, எனக்குப் பக்கத்திலை ஒண்டும் தெரியிறேல்லை. ஒரு குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரித்தான் எல்லாம்." (நாங்கள் ஜெர்மன் மொழியான டொச்சில்தான் கதைப்போம். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.)

அவனுடைய தகப்பனுக்கு ஐம்பது வயதில் கண் போனது. தமையனுக்கு நாற்பத்தைந்தில். அவர்களுடைய ஊர் தலைநகரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் உள்ளே. கண் பார்க்கும் வண்டி வருடத்துக்கு ஒருமுறை வருமாம். தமையன் வரிசையில் நின்றிருக்கிறார், அவருடைய முறை வருமுன் வண்டி போய்விட்டது. அடுத்த வருடம் வந்தபோது பார்ப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. "இது எங்கட குடும்பத்துக்கு எழுதினது" என்கிறான். இங்கே வந்து ஒன்பது வருடம். ஒரு கண் டொக்டரிடமும் அவன் போனதில்லை.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

இதை வாசிக்கும்போது உனக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. அவனுக்கு என்ன வருத்தம்? நான் என்ன செய்ய?

அண்ணை

*

ஹனோவர்,
8 பெப்ரவரி 2025

அண்ணை,

உங்களுக்கோ புஸ்பா அண்ணிக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துத்தான் கடிதத்தைப் பிரித்தேன்.

கேட்டதற்குப் பதில். நான் டொக்டர் இல்லை, கண்ணாடிக்காகக் கண் சோதிப்பவள். ஆனாலும் நீங்கள் எழுதியது குளுக்கோமா போலத்தான் தெரிகிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பின்னாலிருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். நோவு இருக்காது. பக்கங்களிலிருந்து பார்வை தின்னப்பட்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால், எழுத்து வாசிப்பார், முகம் பார்ப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பார். போனது திரும்பி வராது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். அவருக்கு நேரெதிரே கதிரை போட்டு இருங்கள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கட்டும். உங்கள் விரலைப் பக்கவாட்டில் தூரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டு வாருங்கள். தெரிந்ததும் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியும் இடத்தில் அவருக்கும் தெரிய வேண்டும்.

அவர் இன்றைக்கே அந்த வண்டியை விட்டு இறங்க வேண்டும். நாளைக்கல்ல, இன்றைக்கு. உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்." அண்ணை, இதே வார்த்தையை ஜேசு உங்களிடம் சொன்னபோதும் நீங்கள் தலையாட்டினீர்கள். சீனி வருத்தத்தால் என் புருஷனுக்குக் கண் மங்குகிறது என்று நான்கு மாதம் உங்களுக்குத் தெரியும். பொதி வண்டி ஓட்டுகிற மனிதன். கண் சோதிக்கும் பெண்சாதிக்கு மட்டும் தெரியாது. சந்தியில் சைக்கிளில் வந்த அந்தப் பிள்ளை திரும்ப நடக்க எட்டு மாதம் எடுத்தது. ஜேசுவின் வலது கண் போனது போனதுதான். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன முதல் வசனம், "அண்ணைக்குத் தெரியும்."

அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார் என்று எழுதுவதென்றால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

கலாதேவி

*

பீலெஃபெல்ட்,
15 பெப்ரவரி 2025

தேவி,

நீ பதில் போட்டாய். அதுவே போதும் என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

நீ சொன்னபடி செய்தேன். சாப்பாட்டறையில் மற்றவர்கள் போனபின் இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டோம். வலது கண்ணில் என் விரல் அவனுடைய காதைத் தாண்டி, கன்னத்துக்கு நேரே வந்தபிறகுதான் "ம்" என்றான். இடது கண்ணில் மூக்குக்கு முன்னால் பிடித்தும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் மூக்கைப் பார் என்றேன். "எங்கை உன்ர மூக்கு?" என்று கேட்டான். இந்த மனிதன் ஒரு தொன் சரக்கைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு என் ஆட்களுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறான்!

இரண்டு வருடத்துக்கு முதல் நிறுவனத்து டொக்டர் எழுத்துப் பலகை காட்டியபோது, வலது கண்ணால் பார்த்ததை மனப்பாடம் செய்து இடது கண்ணுக்கு ஒப்புவித்தானாம். அடுத்த சோதனை சித்திரையில்.

கண் டொக்டர்மாருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு இடத்தில் புதிய ஆட்களை எடுப்பதில்லை. ஒரு இடத்தில் பதிவுசெய்த குரல் மட்டும்தான். இன்னொரு இடத்தில் டெர்மின், டொக்டரைப் பார்க்கத் தரும் நேரம், ஆவணி மாதம்தான். "அவசரம்" என்றேன். "நோகிறதா? சிவந்திருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவசரமில்லை என்றார்கள்.

மேலதிகாரியிடம் சொல்லப் போவதாகக் கோசியிடம் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. அவனுடைய விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அவனும் மனைவி அஃபியும் ஒன்பது வயது மகளும் என்ன ஆவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "குணா, நீயும் அகதியா வந்தனிதானே. அந்த அலுவலகத்திலை நீ எல்லா உண்மையும் சொன்னனியோ?" என்று கேட்டான்.

தொண்ணூற்றிரண்டில் அகதி விசாரணையில் நான் என்ன பொய் சொன்னேன் என்று உனக்கும் தெரியும்.

அவனுடைய நேரத்துக்கு என் வேலை நேரத்தை மாற்றியிருக்கிறேன். அவன் ஓட்டும்போது நான் இடதுபக்கத்தில் நடக்கிறேன். யாராவது வந்தால் விசில் அடிக்கிறேன். நாள் முழுக்க வாய் காய்ந்து போகிறது.

இன்னொன்று. மறைக்க விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை வருடாந்தப் பாதுகாப்புப் பத்திரம் வந்தது. ஒவ்வொரு ஓட்டுநரின் பெயருக்கு எதிரிலும் "குறை எதுவும் அவதானிக்கப்படவில்லை" என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். கோசியின் பெயருக்கு எதிரிலும் வைத்தேன்.

அண்ணை

*

ஹனோவர்,
19 பெப்ரவரி 2025

அண்ணை,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

போனமுறை நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். இந்தமுறை கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். விசிலா? ஒரு மனிதனின் கண் என்ன, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயமா? உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் யார் விசில் அடிப்பது?

சரி. திட்டுவதால் அவருடைய நரம்பு வளரப் போவதில்லை.

இங்கே ஒரு கண் கிளினிக்கில் என்னோடு படித்தவளின் தமக்கை டொக்டராக இருக்கிறார். கெஞ்சிக் கேட்டு டெர்மின் வாங்கியிருக்கிறேன். பெப்ரவரி 27, வியாழக்கிழமை, காலை பத்தரை. காப்புறுதி அட்டையோடு வரட்டும். நான் ஸ்டேஷனில் நிற்பேன். டொக்டர் வாய் திறந்து விசா அலுவலகத்துக்கோ நிறுவனத்துக்கோ சொல்ல மாட்டார், சட்டப்படி சொல்லவும் கூடாது. அதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். அவருடைய பயம் பொய்யான பயம் இல்லை, எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இது சாபமில்லை. மேற்கு ஆப்பிரிக்க வழிவந்தவர்களுக்கு இந்த வருத்தம் மற்றவர்களைவிட இளவயதில் வரும், வேகமாகவும் போகும். தகப்பனுக்கும் தமையனுக்கும் இருந்தால் நாற்பதுக்கு முன்னரே பார்த்திருக்க வேண்டும். ஊரில் வண்டி நிற்கவில்லை. இங்கே வாசலுக்கு வாசல் கண் டொக்டர், ஆனால் இதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. என் கடைக்கும் ஆப்பிரிக்கப் பெண்கள் வருவார்கள், சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடியோடு. கடைசியாக எப்போது கண் காட்டினீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் "இப்பதான் முதல்தரம்" என்பார்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லி எழுதுவது எனக்குச் சுகமாக இருக்கிறது, அண்ணை. எனக்கு எதிரே இருந்து சாப்பிட்ட மனிதனின் கண்ணை நான் ஒருநாள்கூடக் கருவியில் வைத்துப் பார்க்கவில்லை. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

27ஆம் திகதி. தவறக் கூடாது.

தேவி

*

பீலெஃபெல்ட்,
1 மார்ச் 2025

தேவி,

உன்னை ஸ்டேஷனில் காத்துக்கொண்டு நிற்கவிட்டதற்கு மன்னித்துக்கொள். நானும் இங்கே பிளாட்பாரத்தில் நின்றேன். எட்டே முக்கால் ரயில் போனது. அடுத்ததும் போனது. அவன் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை.

மத்தியானம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். அஃபி கதவைத் திறந்தாள். கோசி குசினியில் இருந்தான், பயணத்துக்கு வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டு. "காலமை கதவடிவரைக்கும் வந்தனான். டொக்டர் பாத்திட்டு 'குருடாகப் போறாய்' எண்டு சொன்னால் அதுக்குப் பிறகு நான் எப்பிடி வேலைக்குப் போறது? இப்ப எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கிறபடியாத்தான் வண்டியிலை ஏறுறன்" என்றான்.

மகள் எனாம் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேவி, அவளுடைய மூக்கு கொப்பியில் முட்டுகிறது. பென்சில் கன்னத்தில் உரசுகிறது. கவனக்குறைவுப் பிள்ளை, வேறு பள்ளிக்கூடம் யோசிக்க வேண்டும் என்று ஆசிரியை கடிதம் அனுப்பியிருக்கிறாராம். கண்ணைச் சோதித்தார்களா என்று கேட்டேன். அஃபி என்னை வடிவாக உற்றுப் பார்த்தாள். "அவளுக்கும் வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நினைத்ததாலேயே சோதிக்கவில்லை.

எனக்கு இப்போது எல்லாரையும் பார்க்கப் பயமாக இருக்கிறது. கிடங்கில் மார்த்தா காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு குறுக்கே நடக்கிறாள். கழற்று என்று கத்தினேன். என்ன பைத்தியமா என்று பார்த்தாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அண்ணை

*

ஹனோவர்,
4 மார்ச் 2025

அண்ணை,

"நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். திங்கள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைவரை பொறுப்பேன். அதன்பிறகு உங்கள் நிறுவனத்துக்கு நானே எழுதுவேன். உங்கள் பெயரும் அதில் வரும்.

பிள்ளையை உடனே எந்தக் கண்ணாடிக் கடைக்காவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மூக்கு முட்ட எழுதுவது பெரும்பாலும் கிட்டப்பார்வை. குளுக்கோமா அப்படி வராது. இதை அந்தத் தாய்க்கு இன்றைக்கே சொல்லுங்கள்.

தேவி

*

பீலெஃபெல்ட், ஆஸ்பத்திரி,
9 மார்ச் 2025

தேவி,

உன் கடிதத்தைப் புஸ்பா இங்கே கொண்டுவந்து தந்தாள். வெள்ளிக்கிழமைவரை தேவைப்படவில்லை.

புதன்கிழமை காலை. மழையில் நனைந்த தட்டுகள் வந்திறங்கின. ஒரு சரக்குந்து ஓட்டுநர் கையெழுத்துக் கேட்டார். ஒரு நிமிடம் திரும்பிக் கையெழுத்து வைத்துவிட்டு, பழையபடி இடதுபக்கத்துக்குப் போனேன். நான் வந்துவிட்டேன் என்று கோசிக்குத் தெரியாது. விசிலை வாயில் வைக்கவும் இல்லை. வண்டி பின்னுக்கு வளைந்தது. பின்சில்லு என் இடது பாதத்தில் ஏறி நின்றது.

நோவைவிடப் பெரிய பயம் ஒன்று சொல்கிறேன். நான் கத்தினேன். அவன் குதித்து இறங்கி ஓடிவந்தான். ஆனால் என்னைக் காணவில்லை. நான் அவனுடைய காலடியில் கிடக்கிறேன். அவன் "குணா! குணா! எங்கை நிக்கிறாய்?" என்று கூப்பிட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தில் தேடுகிறான். கை இரண்டையும் நீட்டித் தடவிக்கொண்டு. எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று எலும்பு உடைந்தது. இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். மார்த்தாவாக இருந்திருந்தால், குனிந்துகொண்டிருந்திருந்தால் என்றே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

விபத்துக் காப்புறுதியிலிருந்து பத்திரம் வந்திருக்கிறது. ஒரு கேள்வி: "விபத்துக்கு முன்னர் வண்டி ஓட்டியவரிடம் குறைபாடு எதையாவது அவதானித்தீர்களா?" இரண்டு பெட்டி. ஓம், இல்லை.

கோசி நேற்று வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். பிறகு, "தரை ஈரம், சில்லு வழுக்கினது எண்டு சொல்லு" என்றான். அவன் போனபிறகு பத்திரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓம் என்று போட்டால் பாதுகாப்புப் பத்திரத்தில் இருக்கும் என் கையெழுத்தும் பொய்யாகும். ஐம்பத்தாறு வயதில், இந்தக் காலோடு, எனக்கு யார் வேலை தருவார்கள்?

நீ திட்டினாலும் பரவாயில்லை. எழுது.

அண்ணை

*

ஹனோவர்,
14 மார்ச் 2025

அண்ணை,

கால் எப்படி? காய்ச்சல் இருக்கிறதா? புண் காயும்வரை நடக்க வேண்டாம். அண்ணியிடம் சொல்லுங்கள், நான் கேட்டேன் என்று.

திட்ட மாட்டேன். எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதத்தை ஜேசுவுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு நாளும் உங்கள் கடிதம் வருவதை அவர் அறிந்திருந்தார், கேட்கவில்லை. நீங்கள் காலடியில் கிடந்தும் கோசி உங்களைத் தேடினார் என்ற இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு அண்ணை சொல்லியிருந்தா நான் அவரை வெறுத்திருப்பன். செத்தாலும் முகத்திலை முழிச்சிருக்க மாட்டன். ஆனா கண் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையும் விழுந்திருக்காது. இதை அவருக்கு எழுது."

எழுதிவிட்டேன்.

தேவி

*

பீலெஃபெல்ட்,
6 ஏப்ரல் 2025

தேவிக்கும் ஜேசுவுக்கும்,

"ஓம்" என்று போட்டேன். கீழே இருந்த இடம் போதாமல் தனித்தாளில் எல்லாவற்றையும் எழுதினேன்: மார்த்தா, தூண், விரல், விசில், என் கையெழுத்து. அனுப்புவதற்கு முதல் கோசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "நீ என்ர பிள்ளையின்ர சாப்பாட்டிலை கை வைச்சிட்டாய்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். கதவில் இடதுதோள் இடித்தது.

அடுத்த பத்து நாளும் எப்படிப் போனது என்று எழுத ஏலாது. ஒவ்வொரு தபாலும் அவனை நாடுகடத்தும் தபால் என்று நினைத்தேன். நிறுவனத்தில் விசாரணை வைத்தார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அது நியாயம். கோசியை உடனே வண்டியிலிருந்து இறக்கினார்கள். தொழிலாளர் பிரதிநிதியாக இருக்கும் பெண் விடவில்லை. வருத்தக்காரனைத் துரத்த முடியாது, முதலில் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று நின்றாள். இப்போது பொதிகட்டும் மேசையில் நிற்கிறான். சம்பளம் குறைவு, ஒப்பந்தம் இருக்கிறது. வெளிநாட்டவர் அலுவலகம் புதிய ஒப்பந்தத்தைக் கேட்டிருக்கிறது. என்ன செய்வார்களோ தெரியாது.

அவனை உன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தது அஃபி என்று அறிந்தேன். கண் அழுத்தம் முப்பத்தாறு, இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது என்று நீ சொன்னாயாம். இடது கண் முடிந்தது, வலது கண்ணில் மிச்சமிருப்பது மட்டும்தான் என்று டொக்டர் சொன்னபோது அவன் கேட்ட கேள்வியை அஃபி எனக்குச் சொன்னாள்: "ஒன்பது வருசத்துக்கு முதல் வந்திருந்தால்?"

எனாமுக்குக் கிட்டப்பார்வைதான். கண்ணாடி போட்ட முதல்நாள் வகுப்பிலிருந்து வந்து, "சுவரிலை ஒரு மணிக்கூடு இருக்கு" என்றாளாம். இரண்டு வருடமாக அந்த வகுப்பில்தான் படிக்கிறாள்.

கோசி என்னோடு கதைப்பதில்லை. நான் ஊன்றுகோலோடு போகும்போது தலையைத் திருப்பமாட்டான். காணாமல் திருப்பவில்லையா, கண்டும் திருப்பவில்லையா என்று எனக்குத் தெரியாது.

அண்ணை

*

ஹனோவர்,
8 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஞாயிற்றுக்கிழமை பீலெஃபெல்ட்டுக்கு வந்தும் உங்கள் வீட்டுக்கு வராமல் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அஃபி கேட்டதற்காக அவர்களுடைய ஜெபக்கூடத்துக்கு வந்தேன். அழுத்தம் பார்க்கும் சிறு கருவியும் எழுத்துப் பலகையும் கொண்டுவந்தேன். ஆராதனை முடிந்து பத்துப் பேர் நிற்பார்கள் என்று நினைத்தேன். வரிசை படிக்கட்டுவரை நின்றது. டோகோ, கானா, கமரூன். பாதிக்குமேல் சாதாரணக் கண்ணாடி போட்டாலே தீரும் பிரச்சினை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறவர்கள்! ஏழு பேருக்கு அழுத்தம் கூட. அவர்களுக்கு டெர்மின் எடுத்துக் கொடுக்க என் டொக்டர் அக்கா சம்மதித்திருக்கிறார். கோசிதான் வரிசையை ஒழுங்குபடுத்தினார். விசாவை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள் என்று அஃபி சொன்னாள். உங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தும்போது, "சோதிச்சுப் பாருங்கோ, நான் பிந்திப்போனன்" என்றார்.

கடைசியில் வந்தவர் கமரூன்காரர், ஐம்பது வயதிருக்கும். விரலைக் கொண்டு வந்தேன். கன்னத்துக்குக் கிட்ட வந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவி முப்பத்தொன்று காட்டியது. என்ன வேலை என்று கேட்டேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் சிறிய பஸ். எட்டுப் பிள்ளைகள்.

அண்ணை, அவர் என் கையைப் பிடித்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். டெர்மின் எடுத்துத் தருகிறேன், அதுவரை கவனமாக ஓட்டுங்கள் என்றேன். கவனமாக! அந்தக் கண்ணோடு! கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவர் பிள்ளைகளை ஏற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கடை திறந்தேன். இது வாய் திறக்கக் கூடாத தொழில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும் கடை திறந்தேன், சாப்பிட்டேன். வானொலியில் விபத்துச் செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டி ஊர்ப் பெயர் சொல்லும்வரை கேட்டேன். ஆனால் தொலைபேசியை எடுக்கவில்லை. அவருடைய பெயரும் இலக்கமும் என் கைப்பையில் இருந்தன. ஜேசு கேட்டார், "என்ன ஒருமாதிரி இருக்கிறீர்?" ஒன்றுமில்லை என்றேன். அவரிடமே அப்படிச் சொன்னேன்.

புதன்கிழமை காலை எடுத்தேன். அவருடைய மனைவி பேசினார். "அவர் ஞாயிற்றுக்கிழமையே முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார். இனிப் பஸ்ஸிலை ஏறமாட்டன் எண்டு. ரெண்டு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவர் பஸ் ஓட்டவில்லை, அண்ணை. பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியாது. அவர் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இரண்டு நாளும் சாப்பிட்டேன்.

நேற்று ஜேசுவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டுபேரும் வருகிறோம். அண்ணியைப் பெரிதாக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
தேவி